அவர் கைக்கு மாற்றிய துப்பாக்கி

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டிக்குக் குடிவந்த மறு வருடம் என் கணவர் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில் இருந்தவரை அப்படி ஓர் ஆசை அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது. எண்ணெய்க் குழாய்களை வடிவமைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து டெக்சஸுக்கு வந்தோம். இங்கே அவருடைய ஆபீஸில் திங்கட்கிழமை காலையில் கிரிக்கெட் பேச ஆள் இல்லை. ரேஞ்சுக்குப் போனதைப் பற்றித்தான் பேசுவார்களாம். ரேஞ்ச் என்றால் கட்டணம் கட்டிச் சுட்டுப் பழகும் இடம். ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே ஒரு கறுப்புப் பெட்டியோடு வீட்டுக்குள் வந்தார்.

"இது எதுக்குங்க நமக்கு?" என்று கேட்டேன்.

"சும்மாதான். வாரத்துல ஒரு நாள் போய் பேப்பர சுட்டுட்டு வந்தா மண்டை க்ளியர் ஆகுது."

"அந்தப் பேப்பர் உங்கள என்ன பண்ணுச்சு?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் கைகளுக்குச் சிகிச்சை தருபவள். இயந்திரத்தில் மாட்டியது, பக்கவாதத்தில் மடங்கியது, விழுந்து முறிந்தது என்று எந்தக் கை வந்தாலும், அது மறுபடி சட்டைப் பொத்தானைப் போடும்வரை பழக்குவது என் வேலை. துப்பாக்கியைத் துடைக்கும்போது தன் உள்ளங்கையைத் தானே சுட்டுக்கொண்டவர்களும் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். அதனால் சில கட்டுப்பாடுகள் போட்டேன். அது கராஜில் உள்ள இரும்புப் பெட்டியை விட்டு வீட்டுக்குள் வரக்கூடாது. தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில். நான் அதைத் தொட மாட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

எந்தப் பொருளையும் வாங்கின மாதிரியே விட்டுவைக்கிற ஆள் இல்லை அவர். கரூர்க்காரர், அப்பாவுக்கு பஸ் பாடி கட்டும் பட்டறை. தோசைத் திருப்பியின் பிடியைக் கூட அரம் போட்டு என் விரலுக்கு ஏற்ற மாதிரி இழைத்துக் கொடுத்திருந்தார். துப்பாக்கியும் அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சைட்டை மாற்றினார். குறிபார்ப்பதற்காகக் குழலின் மேல் முன்னால் ஒரு சின்ன முனை, பின்னால் நடுவில் வெட்டு விட்ட ஒரு பட்டை இருக்கும். அதோடு வந்ததைக் கழற்றிவிட்டு, இருட்டிலும் தானாக ஒளிரும் புள்ளிகள் வைத்த ஒரு ஜோடியைப் பொருத்தினார்.

"இங்க வா, ஒண்ணு காட்டறேன்" என்று கராஜுக்குக் கூப்பிட்டார். மத்தியான நேரம். பெரிய கதவை இறக்கி, விளக்கை அணைத்தார். கண் பழகியதும் இருட்டில் மூன்று பச்சைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. அவர் தெரியவில்லை. புள்ளிகள் மெல்ல ஏறி ஒரே வரிசையில் நின்றன.

"தெரியுதா?"

"புள்ளிதான் தெரியுது. நீங்க எங்க இருக்கீங்க?"

பதில் வர ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. "இங்கதான்" என்று மிக அருகிலிருந்து சொன்னார்.

இரண்டு தெரு தள்ளி யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஆபரேஷனுக்கு மயக்கமருந்து கொடுக்கும் டாக்டர். ஞாயிறு காலை சர்ச், சனி காலை ரேஞ்ச் என்று வைத்திருப்பவர். என் கணவரை 'அண்ணை' என்றும் என்னை 'அக்கா' என்றும் கூப்பிடுவார். சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள். திரும்பி வரும்போது தோசை சாப்பிட்டு, இரண்டாவது காபியும் குடித்துவிட்டுத்தான் டாக்டர் கிளம்புவார். பிறகு இவர் கராஜுக்குப் போவார்.

சைட்டுக்கு அப்புறம் கிரிப். அந்தத் துப்பாக்கி அளவில் சின்னது; என் விரித்த கையை விடக் கொஞ்சம்தான் பெரிது. பிடியின் பின்பக்கத்தில் மாட்டிக்கொள்ள, பெரிய கை, நடுத்தரக் கை, சின்னக் கை என்று மூன்று துண்டுகள் கூடவே வந்திருந்தன. முதலில் பெரியதை மாட்டியிருந்தார். கோடையில் நடுத்தரத்துக்கு மாறினார். மழைக்காலம் வந்தபோது சின்னது. பிறகு ரப்பர் உறை ஒன்று. அதன்பின், உறையைக் கழற்றிவிட்டு, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான டேப்பை வெட்டி ஒட்டினார்.

"வழுக்குது ம்மா. ஹூஸ்டன் ஹ்யூமிடிட்டி. கையெல்லாம் வேர்த்துடுது" என்றார்.

நான் நம்பினேன். எனக்கும்தான் வேர்த்தது.

அதற்கு அப்புறம் மேகசின். எனக்கு அதுவரை மேகசின் என்றால் வாரப் பத்திரிகைதான். தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் தகரப்பெட்டிக்கும் அதே பெயர் என்று அவர்தான் சொன்னார். சுடும்போது துப்பாக்கி நடுவில் சிக்கிக்கொள்கிறதாம். காலித் தோட்டா முழுதாக வெளியே விழாமல் வாயில் நட்டமாக நின்றுவிடுகிறதாம். அவர் வாங்கியிருந்தது துப்பாக்கிக் கம்பெனி தயாரித்த மேகசின் இல்லை; அதற்குப் பொருந்தும் என்று வேறொரு கம்பெனி விற்றது.

"காம்பேட்டபிள்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். ஸ்பிரிங்கே சரியில்ல."

வேறு கம்பெனியின் மேகசின் வந்தது. அதுவும் சிக்கியது. அசல் கம்பெனி மேகசினையே வரவழைத்தார். அதுவும் சிக்கியது. வாசலில் சின்னச் சின்னப் பார்சல்களாக வந்துகொண்டிருந்தன. மகள் நியூ ஜெர்சியிலிருந்து வீடியோவில் பேசும்போது கராஜ் மேசையில் அவை வரிசையாகப் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, ஒய் டூ யூ நீட் ஸோ மெனி?"

"ஒண்ணாவது சரியா வேலை செய்யுமான்னு பாக்கறேன் கண்ணு. உங்க ஊர் சட்டத்துக்கு இதுல பாதிய எடுத்துட்டு வந்தாலே என்னைய ஜெயில்ல போட்ருவாங்க, தெரியுமா?"

"தென் டோன்ட் கம் வித் இட்" என்று சிரித்தாள்.

வேலை விட்டு வந்து சாப்பாட்டுக்கு முன்னால் கராஜில் உட்கார்ந்து ஒவ்வொரு மேகசினையும் காலியாகவே உள்ளே தள்ளுவார், வெளியே விடுவார். உள்ளே போகும்போது ஒரு 'டக்'. விழும்போது ஒரு வழுக்கல் சத்தம். நான் சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். டக். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. டக். இந்த இடைவெளி நாளாக நாளாக நீண்டுகொண்டே போனதை என் காது கவனித்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒரு டக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் என் கத்தி தானாக நின்று காத்திருக்கப் பழகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ரேஞ்சுக்கு வருவதாகச் சொன்னதால், நான்தான் இவரைக் கொண்டுபோய் விட்டேன். காரிலேயே இருக்க வெயில் விடவில்லை. உள்ளே போய், பார்வையாளர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவரும் டாக்டரும் முதுகு காட்டி நின்றார்கள். சுடும் சத்தம் கண்ணாடியைத் தாண்டி, யாரோ தூரத்தில் கார்க் கதவை அறைந்து சாத்துவது போலக் கேட்டது.

சுட்டார். சிக்கியது. எடுத்துவிட்டுச் சுட்டார். மறுபடி சிக்கியது. மேகசினை மாற்றினார். திரும்பவும் அதே. அவர் தோள் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். டாக்டர் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். இவர் துப்பாக்கியை மேடையில் வைத்து நகர்ந்துகொண்டார். டாக்டர் எடுத்தார். அதே துப்பாக்கி, அதே மேகசின். ஒரு தடவை கூட நிற்காமல் கடைசித் தோட்டா வரை சுட்டார். அடுத்த மேகசினை எடுத்தார். அதுவும் நிற்கவில்லை. மூன்றாவதை எடுத்துவிட்டு, என்ன நினைத்தாரோ, போடாமலே வைத்துவிட்டார்.

இவர் மேடையில் கிடந்த மேகசின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவற்றைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது இவருடைய வலது கையை.

கிளம்பும்போது, இவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, டாக்டர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, மேகசினில ஒண்டும் பிழை இல்லை. பிடிக்கிற மணிக்கட்டு இளகினா தோட்டா இப்பிடித்தான் சிக்கும். அண்ணையின்ர கையை ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் எதிரில் உட்காரச் சொன்னேன். "கையக் குடுங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து பிடித்த கை. அதை என் மேசைக்கு வரும் கைகளைப் பார்ப்பது போல அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திரண்டிருக்க வேண்டிய தசை வற்றி, அந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. துப்பாக்கியின் பிடி வந்து அழுந்தும் இடமும் அதுதான். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ரப்பர், டேப் என்று தேடியிருக்கிறார்.

"ரொம்ப நாளா இப்படி இருக்கா?"

"எப்படி?"

திங்கட்கிழமை என் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியைக் கொடுத்து, "முழு பலத்தோட அழுத்துங்க" என்றேன். அழுத்தினார். நான் முள்ளைப் பார்த்தேன். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். இடது கையிலும் அளந்துவிட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.

"நீ உன் பேஷன்ட்டுக்கெல்லாம் கரண்டில ஃபோம் சுத்திக் குடுப்ப இல்ல?" என்றார்.

"ஆமா."

"நானும் அதத்தான் பண்ணிட்டு இருந்திருக்கேன் போல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது ம்மா. ஒவ்வொரு தடவையும் பொருள்லதான் தப்புன்னு நெனச்சேன். பொருள்னா மாத்திக்கலாம்ல."

நரம்பு டாக்டர் ஊசிகளைச் செருகித் தசைகளில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்தார். நாங்கள் பயந்த பெயரையே சொன்னார். தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகும் நோய். கையில் ஆரம்பித்திருக்கிறது, கையோடு நிற்காது. திரும்பி வரும் வழியில் ஃப்ரீவேயில் அவர்தான் ஓட்டினார். தானே ஓட்டுவேன் என்று பிடிவாதம். நான் வழி முழுக்க ஸ்டியரிங்கில் இருந்த அவர் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து கராஜ் பக்கம் போகும்போதெல்லாம் இரும்புப் பெட்டி மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். அவர் குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே நிற்பேன். அவர் தும்மினால் கூடத் திடுக்கிடுவேன். இந்த நோய் வந்தவர்களின் வீடுகளைப் பற்றி என் தொழிலில் நான் கேட்டிருக்கிறேன். கேட்டதெல்லாம் இப்போது என் வீட்டில் நடப்பது போல ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. ஆனாலும் கராஜிலிருந்து டக் என்ற சத்தம் வரும். அவர் இன்னும் எதையோ பொருத்திக்கொண்டுதான் இருந்தார்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். இன்னும் எதுக்கு அத வெச்சுக்கிட்டு பாடுபடறீங்க?"

தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்தது. அவர் குழாயை நகர்த்தவில்லை.

"உனக்கு அந்த பயமா?"

"ஆமா."

"எனக்கும் இருந்துச்சு" என்றார். "ரிசல்ட் வந்த வாரமே தோட்டா பெட்டி மொத்தத்தையும் டாக்டர் வீட்ல குடுத்துட்டேன். அங்கயே பூட்டி வெச்சிருக்காப்ல. ரேஞ்சுக்குப் போறப்ப மட்டும் கொண்டாருவாப்ல. வீட்ல ஒண்ணு கூட இல்ல. நீ வேணா போய் தேடிப் பாரு."

நான் தேடவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டருங்க எல்லாம் 'யூ ஆர் டூயிங் க்ரேட்'ங்கறாங்க. அந்தப் பேப்பர் மட்டும்தான் எங்கிட்ட பொய் சொல்றதில்ல. இந்த வாரம் என்ன போச்சுன்னு சொல்லிடுது. போனதுக்குத் தக்க ஒண்ண மாத்தி வெச்சா, இன்னும் கொஞ்ச நாள் ஓடுது. வேற எதுல எனக்கு இப்படி ஒரு வேலை இருக்கு, சொல்லு?"

அவர் சொன்னதை அன்று நம்பினேன். முழுவதும் நம்பினேனா என்று இன்றைக்குக் கேட்டால் தெரியவில்லை. 'எனக்கும் இருந்துச்சு' என்று அவர் சொன்னது மட்டும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எந்த நாளில் இருந்தது, கராஜில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இருந்தது, அப்போது நான் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நறுக்கிக்கொண்டிருந்தேன்? இவற்றை நான் கேட்கவில்லை.

அந்த வாரம் அவர் தொடச் சொல்லாமலே நான் அந்தத் துப்பாக்கியைத் தொட்டேன். கிளினிக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தகடு கொண்டுவந்தேன். வெந்நீரில் போட்டால் அப்பளம் போல இளகிவிடும். கையின் மேல் வைத்து அழுத்தினால் அந்தக் கையின் வடிவத்திலேயே இறுகிவிடும். அகலமான சட்டியில் தண்ணீரைச் சுடவைத்தேன். காலித் துப்பாக்கியை அவர் பிடித்துக்கொள்ள, இளகிய தகட்டை அவர் கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சுற்றி அழுத்திப் பிடித்தேன். ஆறும்வரை அசையக்கூடாது. மேசையில் இருவரும் அப்படியே இருந்தோம். நடுவில் துப்பாக்கி, அதைச் சுற்றி அவர் கை, அதைச் சுற்றி என் கைகள்.

"சூடா இருக்கா?"

"இல்ல. நல்லா இருக்கு" என்றார்.

அந்தக் கவசத்தை மாட்டிக்கொண்டு சில மாதங்கள் போனார். நானும் கூடப் போனேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரைக்கும். சிக்குவது நின்றது. ஆனால் விசையை அழுத்தும் விரலில் பலம் குறைந்துகொண்டே வந்தது. அழுத்தும்போது துப்பாக்கியே இடது பக்கம் இழுபட்டது. குண்டுகள் எல்லாம் பேப்பர் இலக்கின் நடு வட்டத்தை விட்டு இடப்பக்கம் போய்க் குவிந்தன. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பின்பக்கச் சைட்டை அதற்கென்று உள்ள கருவியில் வைத்து, வலப்பக்கம் ஒரு மயிரிழை தள்ளுவது. கருவியின் திருகைத் திருப்ப அவரால் முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல டாக்டர் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். போதும் போதும்."

அடுத்த முறை குண்டுகள் நடுவில் விழுந்தன. சில வாரங்களில் மறுபடி இடப்பக்கம் போயின. மறுபடி தள்ளினார்கள்.

கடைசியாகப் போன அன்று ஸ்லைடை, அதாவது மேலே உள்ள இரும்பு மூடியை, பின்னுக்கு இழுக்க அவரால் முடியவில்லை. டாக்டர்தான் இழுத்துக் கொடுத்தார். மெதுவாக, ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுத்துச் சுட்டார். பேப்பர் தன்னால் நகர்ந்து அருகில் வந்தது. நடு வட்டம் கிழிந்திருந்தது. கண்ணாடி வழியாக என்னைத் திரும்பிப் பார்த்து, சின்னப் பையன் மாதிரி சிரித்தார். பிறகு துப்பாக்கியைத் தானே பெட்டிக்குள் வைத்து, மேகசின்களையும் போட்டு, பெட்டியை டாக்டர் கையில் கொடுத்தார்.

"வெச்சுக்கப்பா. இனி முடியாது."

"அண்ணை, அடுத்த சனி..."

"முடியாதுப்பா. நல்லா இருக்கும்போதே நிறுத்திக்கறேன்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். கையை அடுத்துக் கால், காலை அடுத்துக் குரல். மகள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்து எங்களோடு இருந்தாள். பேச முடியாமல் போன பிறகு அவர் கண்ணால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துத் திரையில் எழுதுவார். மூச்சு வாங்குவது கஷ்டமான ஒரு குளிர்காலத்தில், காலை வெயில் படுக்கையில் விழுந்துகொண்டிருந்தபோது போய்விட்டார். நானும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தோம். என்னிடம் இருந்தது வலது கை.

காரியங்கள் முடிந்து மகள் நியூ ஜெர்சி திரும்பினாள். வீட்டில் நான் மட்டும். சமையலறையில் நின்றால் சுவருக்கு அப்பாலிருந்து டக் என்று கேட்கும். ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டிகள் விழும் சத்தம்தான் என்று தெரியும். தெரிந்தாலும் கத்தி நின்றுவிடும், அடுத்ததற்காக. ஐஸ் மெஷினை அணைத்து வைத்தேன். அணைத்த பிறகும் சில நாட்கள் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

வருடம் திரும்பியதும் டாக்டர் அந்தப் பெட்டியோடு வந்தார். காபி குடிக்கும்வரை அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

"அக்கா, இது உங்கட பொருள். என்ன செய்யிறதெண்டு நீங்கள்தான் சொல்லோணும். விக்கிறதெண்டாலும் நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா, ப்ளீஸ், எனக்கு வேண்டாம்" என்றாள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள், அன்று தமிழில் சொன்னாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. டாக்டரிடம், "விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் சுட்டுப் பாக்கணும்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரி, வாங்கோ" என்றார்.

இத்தனை நாளும் வெளியில் இருந்து பார்த்த கண்ணாடிக்கு உள்ளே அன்றுதான் போனேன். டாக்டர் நிற்கும் விதம், விரல் வைக்கும் விதம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். அது எனக்குப் பொருந்தியது. சின்னத் துண்டு, சொரசொரப்பு டேப், டேப்பில் விரல்கள் அழுந்தித் தேய்ந்த இடங்கள் எல்லாம் என் விரல்கள் போய் உட்காரும் இடத்தில் இருந்தன. அவருடைய பெரிய கை வற்றி வற்றி என் கையின் அளவுக்கு வந்து நின்றிருக்கிறது. ஒருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டது போல இல்லை. அவரே உள்ளேயிருந்து என் கையைப் பிடித்தது போல இருந்தது.

புள்ளிகளை வரிசையில் நிறுத்தி, நடு வட்டத்தைக் குறி வைத்துச் சுட்டேன். சத்தம் நெஞ்சில் அறைந்தது. மறுபடி சுட்டேன். கை நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. என் கைகள் தொழில் பழகிய கைகள். மேகசின் தீரும்வரை சுட்டேன்.

பேப்பர் அருகே வந்தது. நடு வட்டத்தில் ஒன்றும் இல்லை. ஓட்டைகள் எல்லாம் நெருக்கமாக ஒரே இடத்தில், வட்டத்துக்கு வலப்பக்கம் விழுந்திருந்தன.

"நான் தப்பா புடிச்சிருக்கேனா?"

டாக்டர் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து என் காதருகே சத்தமாகச் சொன்னார்.

"இல்லை அக்கா. நீங்கள் நேராத்தான் அடிச்சிருக்கிறியள். சைட் அண்ணைக்கு வச்சபடியே கிடக்கு."

அவர் கை எவ்வளவு இடப்பக்கம் இழுத்ததோ, அவ்வளவு வலப்பக்கம் போய்க் குண்டுகள் விழுந்திருந்தன. நடு வட்டத்துக்கும் அந்த ஓட்டைகளுக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தேன். அதுதான் அவருடைய நோய். கடைசியாகச் சுட்ட அன்று அவரிடம் இல்லாமல் போயிருந்த பலம் முழுவதும் அந்த இடைவெளியில் இருந்தது. என் வேலையில் எந்தக் கருவியும் ஒரு கையை இவ்வளவு துல்லியமாக அளந்து நான் பார்த்ததில்லை. நின்ற இடத்திலேயே அழுதேன். பக்கத்து மேடைகளில் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

டாக்டர் தானே கடைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். நானும் கூட வருவேன் என்றேன். கடைக்காரர், அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், துப்பாக்கியைத் திறந்து பார்த்தார், டேப்பைத் தடவிப் பார்த்தார், கண்ணருகே தூக்கிப் பின்பக்கச் சைட்டைப் பார்த்தார். இது ரொம்ப விலகியிருக்கிறது, விற்பதற்கு முன் நடுவில் வைத்துவிடுகிறேன், ஒரு நிமிட வேலை என்று சொல்லிக்கொண்டே கருவியைக் கையில் எடுத்தார்.

நான் போன பிறகு செய்ய முடியுமா என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. கருவியைக் கீழே வைத்துவிட்டு, "டேக் யுவர் டைம், மேம்" என்றார். கையெழுத்துப் போட வேண்டியதைப் போட்டேன். வெளியே வரும்போது டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கதவு மூடும்வரை உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அதற்குமேல் நான் நின்று கேட்கவில்லை.

அன்று பிற்பகல் எனக்கு கிளினிக் இருந்தது. வெல்டிங் வேலை பார்ப்பவர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தன் வலது கையை மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளாலும் அதை எடுத்துக்கொண்டேன். என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு உடனே தோன்றவில்லை. கனமாக, கதகதப்பாக இருந்தது. சிகிச்சையே அப்படித்தான் தொடங்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் கையை இழுக்காமல், சன்னலுக்கு வெளியே கார்கள் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.